மூன்றாவது இலை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் மூவரே, இந்தச் சித்திரை வெக்கையிலும் விசிறியை மடக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் மதுரை மக்களே, வணக்கம்.

"சரித்திரக் கொலை மர்ம நாவலில் கொலையாளியைக் கண்டுபிடிக்க ஏற்றவர் தனி ஆளா, தம்பதியரா?" இதுதான் இன்றைய வழக்கு. நான் தம்பதியர் கட்சி.

எனக்கு முன் பேசிய அம்மையார் கண்ணகியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மதுரையில் முதலில் துப்புத் துலக்கியவள் அவள்தான், தனியாகத்தான் அரண்மனைக்குப் போனாள், சிலம்பை உடைத்தாள், உள்ளே முத்து இல்லை, மாணிக்கம், வழக்கு முடிந்தது என்றார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. நானும் தட்டினேன். ஆனால் அம்மா, அந்த வழக்கில் கொலை எப்போது விழுந்தது? மனைவியை மாதரி வீட்டில் விட்டுவிட்டு, ஒற்றைச் சிலம்போடு கோவலன் தனியாகக் கடைவீதிக்குப் போனபோது. காவலர்கள் அவனைச் சுற்றி நின்று தங்களுக்குள் வாதாடுகிறார்கள். அவன் வாய் திறக்கவில்லை. கண்ணகி மட்டும் பக்கத்தில் நின்றிருந்தால், பொற்கொல்லன் குடில் வாசலிலேயே "உடைத்துப் பார்" என்று சொல்லியிருப்பாள். ஊரும் எரிந்திருக்காது. தனி ஆளாக வந்து உண்மையை நிறுவியபோது அவளுக்கு நீதி கிடைத்தது, கணவன் கிடைக்கவில்லை. அம்மையார் கொண்டுவந்த சாட்சி எங்கள் கட்சிச் சாட்சி. அவருக்கு நன்றி.

தனிமைதான் துப்பறிவாளனின் அழகு என்றும் சொன்னார்கள். அப்படியானால் உங்கள் தனி ஆள் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் எதற்கு ஒரு நண்பர்? அவர் சொல்வதையெல்லாம் கேட்டு வாய்பிளப்பதற்கென்றே சம்பளம் இல்லாமல் வைத்திருக்கும் ஆள் அவர். மனைவி அந்த வேலைக்குச் சரிப்பட மாட்டாள். கணவன் கண்டுபிடித்ததைக் கேட்டு வாய்பிளக்கிற மனைவியை மாசி வீதி நான்கிலும் தேடிப் பாருங்கள். "அப்புறம் அந்த விளக்கை அணைத்தது யாராம்?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்வியில் நாவல் இன்னும் ஐம்பது பக்கம் ஓடும்.

இனி, எதிரணித் தலைவர் அடித்த அடிக்கு வருகிறேன். அது பலமான அடி. "அந்தக் காலத்துப் பெண் வாசற்படி தாண்ட மாட்டாள். அவளைத் துப்பறிய விடுவது, இன்றைய பெண்ணுக்குக் கண்டாங்கி கட்டிவிட்டு ஏமாற்றும் வேலை" என்றார். அப்படி எழுதப்படும் நாவல்கள் உண்டு, மறுக்கவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குதிரையில் கொலையாளியைத் துரத்தும் கதாநாயகியை நானும் நடுவில் மூடி வைத்திருக்கிறேன். ஆனால் ஐயா, வாசற்படிக்கு வெளியேதான் துப்பு கிடக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஒரு கொலையை இங்கேயே செய்து காட்டுகிறேன். முழுக்க என் கற்பனை, யாரும் தாத்தா பெயரைத் தேட வேண்டாம். ஆண்டு 1877. தாது வருஷப் பஞ்சம். ரயில் மதுரைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய மகாலில் கோர்ட்டு நடக்கும் காலம். கீழமாசி வீதியில் ஒரு தானிய மண்டிக்காரர் விடியற்காலையில் ஊஞ்சலில் இறந்து கிடக்கிறார். கைரேகையை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்றால், அதற்கான பிரிவு கல்கத்தாவில் தொடங்கியதே 1897இல்தான். இன்னும் இருபது வருடம் பிணம் காத்திருக்காது. கண்ணும் காதும் ஊர்ப்பேச்சும்தான் துப்பறிவாளனின் சொத்து.

நம் நாயகன் கோர்ட்டுக் குமாஸ்தா. மனைவியோடு துக்கம் கேட்கப் போகிறான். துக்க வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஆண்கள் திண்ணையோடு சரி. துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, மழை பெய்யாததைப் பற்றிப் பேசுவார்கள். பெண்கள் ரேழி கடந்து, முற்றம் கடந்து, உள்ளே போய்க் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழுது முடித்துக் கை கால் கழுவக் கொல்லைக்குப் போவார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு ஊர். ஒன்றுக்குள் அவன் போக முடியாது, மற்றொன்றில் அவள் உட்கார முடியாது.

திண்ணையில் அவனுக்குக் கிடைத்த செய்தி: விளக்கு வைத்த பிறகு வாசல் வழியாக யாரும் வரவில்லை. தெருக்காவல்காரர் சத்தியம் செய்கிறார். இரவு சாப்பிட்டவர்கள் மண்டிக்காரரும் அவர் மைத்துனரும், இரண்டே பேர்.

கொல்லையில் அவளுக்குக் கிடைத்தது ஒரு குழி. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மற்ற வருடமாக இருந்தால் எச்சில் இலை தெருவுக்குப் போகும், மாடு தின்னும். பஞ்ச வருடத்தில் வெளியே போட்டால் பசித்தவர்கள் வந்து வழித்துத் தின்பார்கள், எத்தனை இலை என்று எண்ணவும் செய்வார்கள். அரிசி இல்லை என்று கடையைப் பூட்டியவர் வீட்டில் தினமும் இலை விழுகிறது என்று ஊருக்குத் தெரியலாமா? அதனால் கொல்லையில் குழி வெட்டி, இலையைப் போட்டு, அடுப்புச் சாம்பலைக் கொட்டி மூடுகிறார்கள். பாத்திரம் துலக்கும் கிழவி சாம்பல் அள்ளும்போது இவளும் பக்கத்தில் நிற்கிறாள். மேலாகக் கிடப்பவை நேற்றைய இலைகள். இரண்டு இருக்க வேண்டும். மூன்று இருக்கின்றன.

எண்ணிக்கையை ஆணும் பார்த்துவிடலாம் என்பீர்கள், சரி. அவள் பார்த்தது மடிப்பை. விருந்தில் சாப்பிட்டவர் இலையைத் தன் பக்கமாக மடிப்பார். சாவு வீட்டில் சாப்பிட்டவர் எதிர்ப்பக்கம் மடிப்பார். இரண்டு இலைகள் விருந்து மடிப்பு. மூன்றாவது இலை சாவு வீட்டு மடிப்பு. மண்டிக்காரர் அப்போது உயிரோடு உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்குப் பக்கத்தில் ஒரு கை அவருடைய துக்கத்துக்கு இலை மடித்துவிட்டது. பழகிய கை, யோசிக்காமல் மடித்த கை.

இவள் எந்த வாசற்படியைத் தாண்டினாள், தலைவரே? எந்தக் குதிரையில் ஏறினாள்? அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட இடத்தில், அனுமதிக்கப்பட்ட அழுகையை அழுதுவிட்டு, கை கழுவப் போனாள். அவ்வளவுதான். ஆனால் அவள் கண்டது மட்டும் போதாது. வாசல் வழியாக யாரும் வரவில்லை என்ற அவன் பாதியைச் சேர்த்தால்தான், வந்தவர் கொல்லைக் கதவைத் தட்டும் உரிமை உள்ளவர் என்பது விளங்கும்.

அந்தப் பாதிகள் சேரும் இடம் எது? அவர்கள் வீட்டு இருட்டில், பாயில், குழந்தை தூங்கிய பிறகு. சட்டமும் அந்தப் பாய்க்கு மரியாதை கொடுத்திருக்கிறது. நம் கதைக் காலத்தில் நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 122ஆவது பிரிவைப் பாருங்கள். மணவாழ்க்கையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதை வெளியே சொல்லும்படி கணவனையோ மனைவியையோ நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்றது அது. தம்பதியர் ஒருவர் மீது ஒருவர் வழக்குப் போட்டால், அல்லது ஒருவருக்கு ஒருவர் குற்றம் இழைத்தால் மட்டும் விலக்கு. நாவல் எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? கோர்ட்டில் வாய்திறக்கக் கூடாத குமாஸ்தா வீட்டில் பேசலாம். ஆனால் இலையைக் கண்டவள் அவள். கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியவளும் அவள். 1877இல் எந்த மாமியார் மருமகளைக் கூண்டேற அனுப்புவார்? உண்மை தெரிந்த பிறகுதான் அந்த வீட்டில் சண்டையே தொடங்குகிறது. குடும்பச் சண்டை மர்மத்தை நீர்த்துப்போகச் செய்யும் என்றார் எதிரணியின் இளைய பேச்சாளர். தம்பி, இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேள்விப்பட்டேன், அதனால் விட்டுவிடுகிறேன்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். எதிரணித் தலைவர் விரலை உயர்த்தி, மூன்றாவது இலையில் சாப்பிட்டது யார் என்று கேட்கிறார். சொல்கிறேன். நேற்று இரவு இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னேன். கடைசி அத்தியாயத்துக்கு முன்பே ஆளைச் சொல்லிவிட்டார். நான் நினைத்து வைத்திருந்த ஆள் அது இல்லை. இரண்டு மணி நேரம் யோசித்துப் பார்த்தேன், அவர் சொன்ன ஆள்தான் பொருந்துகிறார். யாரென்று நான் சொல்வது முறையாகாது. அவர் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், கூட்டம் முடிந்ததும் கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.