கம்ப்யூட்டர் ஓர் ஆளாக இருந்த காலம்

அவையோருக்கு வணக்கம்.

1840களில் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளியிடம் "உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டிருந்தால், "கம்ப்யூட்டர்" என்று சொல்லியிருப்பார். கம்ப்யூட்டரில் வேலை அல்ல, அவரே கம்ப்யூட்டர். நாட்டையே முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் நில அளவையில் 1831இல் அவர் சேர்ந்தார். அந்த அளவை தொடங்கியது நம் பரங்கிமலையில்தான். 1802இல் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அங்கிருந்து பெரும்பாக்கம் வரை சங்கிலி பிடித்து அளந்தார்.

சிக்தாரின் வேலையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். இமயமலையின் சிகரம் ஒன்றை நூறு மைலுக்கு அப்பாலிருந்து கருவியில் பார்த்தவர்கள் வேறு ஆட்கள். இவர் முன்னால் இருந்தவை அவர்கள் அனுப்பிய கோணங்களும் மடக்கை அட்டவணையும்தான். பூமியின் வளைவுக்கு எவ்வளவு, காற்றில் ஒளி வளைவதற்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போக வேண்டும். அப்படிக் கிடைத்த விடை 29,002 அடி. உலகின் மிக உயர்ந்த சிகரம்! 2020இல் சீனாவும் நேபாளமும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அடியில் சொன்னால் ஏறத்தாழ 29,032. காகிதமும் பேனாவும் போட்ட கணக்கில் முப்பது அடிதான் வேறுபாடு. சிகரத்துக்கோ ஓய்வுபெற்றுப் போய்விட்ட தலைமை அதிகாரி எவரெஸ்ட்டின் பெயரை வைத்தார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

'கம்ப்யூட்டர்' என்ற சொல்லின் வேர் லத்தீன் 'புடாரே'. கொடியைக் கழித்துச் சீர்செய்வது அதன் பழைய பொருள். கைகால் துண்டிப்பதைச் சொல்லும் 'ஆம்புடேஷன்' என்ற சொல்லிலும் அதே வேர்தான் இருக்கிறது. கழித்துச் சீராக்குவதிலிருந்து கணக்கைத் தீர்ப்பது, அதிலிருந்து எண்ணுவது என்று பொருள் நகர்ந்தது. வங்கியில் நாம் வைத்திருக்கும் 'அக்கவுன்ட்'டும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

ஹார்வர்டு வானாய்வகத்தில் கம்ப்யூட்டர்கள் என்றால் பெண்கள். அவர்களில் ஒருவரான ஹென்ரியட்டா லீவிட், கண்ணாடித் தகடுகளில் பதிந்த விண்மீன் புள்ளிகளை உற்றுப் பார்த்து ஒளி அளந்தார். 1912இல் அவர் வெளியிட்ட விதிதான் பிற விண்மீன் மண்டலங்களின் தொலைவை அளக்க வழி திறந்தது. மணிக்கு முப்பது சென்ட் கூலி!

கணிக்கும் பொறிக்கு இலக்கணம் வகுத்த ஆலன் டூரிங்கின் 1936ஆம் ஆண்டுக் கட்டுரையில்கூடக் கம்ப்யூட்டர் என்பது தாளில் எழுதிக் கணக்கிடும் மனிதர்தான். 'அவர்' என்றே குறிப்பிடப்படுகிறார். அதன்பின் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சொல் பொறியின் பக்கம் போய்விட்டது. தமிழில் நாம் பொறிக்குக் கணினி என்று தனிப்பெயர் வைத்தோம். கணிக்கும் மனிதருக்கோ கணியன் என்ற சொல் சங்க காலத்திலிருந்தே இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் பொறி வந்து உட்கார்ந்ததும் ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போனார்.

இரு பொருளும் நேருக்கு நேர் நின்ற ஒரு தருணம் உண்டு. 1962 பிப்ரவரியில் ஜான் கிளென் விண்வெளிக்குப் புறப்பட வேண்டும். பாதையை ஐபிஎம் பொறி கணக்கிட்டிருந்தது. அவருக்கு அது போதவில்லை. கேத்தரின் ஜான்சன் சரிபார்த்துச் சொல்லட்டும் என்றார். 1953இல் கம்ப்யூட்டர் என்ற பதவிப் பெயரோடு வேலைக்குச் சேர்ந்த கறுப்பினப் பெண்மணி அவர். மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு எண் எண்ணாகப் போட்டுப் பார்த்தார். எல்லாம் பொருந்தின. கிளென் கிளம்பினார்.