சுவரில் ஒரு ஐந்தொகை

வணக்கம் நேயர்களே. அணு, தனிமம், சேர்மம் என்று எடுத்த எடுப்பில் ஆரம்பித்தால் ரேடியோவை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியே நரைத்தவன் நான், கொட்டாவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் நம் வீட்டுச் சுவரிலிருந்து தொடங்குகிறேன்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் வருகிற வெளியூர்க்காரர் யாரும் சுவரைக் கையால் தடவிப் பார்க்காமல் போவதில்லை. கல்லை வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்றின மெருகு, சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். முட்டை போட்டுப் பூசியதாமே என்பார்கள். போட்டார்கள்தான், கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும்கூடச் சேர்த்தார்கள். ஆனால் பேரெல்லாம் முட்டைக்குப் போய்விட்டது, சுவராகி நிற்கிற சுண்ணாம்பை யாரும் கேட்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கொத்தனார் குழைப்பதை நாம் கலவை என்கிறோம். வேதியியலிலும் அதற்குக் கலவை என்றுதான் பெயர், அர்த்தமும் கிட்டத்தட்ட அதேதான்: மணல் ஒரு சட்டி கூடினாலும் குறைந்தாலும் அது கலவைதான், கைப்பக்குவத்துக்கு ஏற்ப மாறும். ஆனால் அதற்குள் இருக்கிற சுண்ணாம்பு அப்படி இல்லை. அது சேர்மம். அந்தச் சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது, கிளிஞ்சலை எந்தக் கடலில் பொறுக்கினாலும் சரி, அதில் உள்ள சுண்ணாம்புப் பொருளில் ஒரு கால்சியம் அணுவுக்கு ஒரு கார்பன், மூன்று ஆக்சிஜன். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இன்னொன்று, சேர்ந்த பிறகு பழைய குணம் எதுவும் மிஞ்சுவதில்லை. கால்சியம் என்பது தண்ணீரில் போட்டால் குமிழி விட்டுக் கரைகிற ஒரு வெள்ளி நிற உலோகம், கார்பன் நம் அடுப்புக்கரி, ஆக்சிஜன் மூச்சுக்காற்று. மூன்றும் கூடினால் வெள்ளை வெளேரென்று ஒரு கிளிஞ்சல்! இதை எத்தனை வருடம் நடத்தினாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

சரி, கிளிஞ்சல் எப்படிச் சுவராகிறது? நம் ஊர்க்காரர்களுக்குக் கணக்குச் சொன்னால்தான் பிடிக்கும், ஐந்தொகை போட்டே சொல்கிறேன். கால்சியம் அணுவின் எடை 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16 வீதம் மூன்றுக்கு 48. கூட்டினால் 100. ஆக 100 கிலோ சுத்தமான கிளிஞ்சலைக் காளவாயில் போட்டு, சுமார் 900 டிகிரியில் முழுக்க வேகவிட்டால் 56 கிலோதான் மிஞ்சும். மீதி 44 கிலோவை யாரும் திருடவில்லை, கார்பன் 12, ஆக்சிஜன் இரண்டுக்கு 32 என்று சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விட்டது. ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்பவர் 1750களில் இந்த எடைக் குறைவைத் தராசு வைத்துத் துரத்திப் போய்த்தான் இந்த வாயுவை அடையாளம் கண்டார்.

அப்புறம் தாளிப்பு. வெந்த சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் உஸ்ஸென்று சீறிக் கொதித்துப் பொடியாக உதிரும், கீழே நெருப்பே இருக்காது. சின்ன வயதில் தொட்டியை எட்டிப் பார்த்ததற்கு அப்பத்தாவிடம் முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன், வாங்கியது நியாயம்தான், தெறித்தால் கண் போய்விடும். கணக்கில் 56 கிலோவோடு 18 கிலோ தண்ணீர் சேர்ந்து 74 ஆகிறது. இதைக் குழைத்துச் சுவரில் பூசிய பிறகு, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு 44 கிலோ மெல்ல மெல்ல உள்ளே வரும், அந்த 18 கிலோ தண்ணீர் வெளியே போகும். 74ல் 44ஐக் கூட்டி 18ஐக் கழியுங்கள். மறுபடி 100. வரவும் பற்றும் சரி! காளவாயில் போன கிளிஞ்சல் சுவரில் கிளிஞ்சலாகவே திரும்பி உட்கார்ந்துவிட்டது.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். 1789ல் லவாய்சியே என்ற பிரெஞ்சு மேதை தனிமங்களுக்கு, அதாவது வேறு பொருளாகப் பிரிக்க முடியாதவற்றுக்கு, ஒரு பட்டியல் போட்டபோது சுண்ணாம்பையும் அதில் சேர்த்துவிட்டார், அதைப் பிரிக்க அன்றைக்கு வழியில்லை, நெருப்பு எவ்வளவு வைத்தாலும் அந்த 56க்குக் கீழே இறங்காது. 1808ல் லண்டனில் ஹம்ஃப்ரி டேவி மின்சாரம் பாய்ச்சித்தான் அதிலிருந்து கால்சியத்தைப் பிரித்தார். மின்சாரமும் வேதியியலும் கைகோத்த அந்தத் துறைக்கென்றே நம் காரைக்குடியில் ஒரு நிலையம் இருக்கிறது, சிக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953ல் திறந்தது. அதன் வாசல் வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று யாராவது சொன்னால் தேவலை.

சுவருக்கு வருகிறேன். காற்றில் பத்தாயிரம் மூலக்கூறு எடுத்தால் கார்பன் டை ஆக்சைடு நாலு சொச்சம்தான், அதனால் பூச்சு இறுக அவசரப்படுவதில்லை, கனத்த சுவரின் உள்பக்கம் இறுக வருடக்கணக்காகும். ஈரமும் வேண்டும், காய்ந்த சுண்ணாம்பு அந்த வாயுவைச் சரியாக வாங்காது. இதெல்லாம் தெரிந்த நானே, ஒரு பெயின்ட்காரர் பேச்சைக் கேட்டு எங்கள் பழைய சுவருக்கு பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தேன். ஈரம் வெளியேற வழியில்லாமல் இரண்டே மழையில் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. சுரண்டிவிட்டுத் திரும்பச் சுண்ணாம்பு அடித்த கூலி தனி.

அப்பத்தா வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்புக் கரண்டகத்தில் எப்போதும் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கவிடுவார். தண்ணீர் வற்றினால் மேலே பக்கு கட்டிவிடும், அந்தப் பக்கு காரமே இல்லாமல் கல்லாகிப் போகும். அதுவும் இதே கதைதான், கரண்டகத்துக்குள்ளேயே ஒரு துளி சுவர்.

உங்கள் வீட்டில் பழைய பூச்சு எங்காவது உதிர்ந்திருந்தால் ஒரு சில்லு எடுத்து, எலுமிச்சம்பழத்தை அதன் மேல் பிழிந்து, காதருகே வைத்துப் பாருங்கள். மெல்லிசாகப் பொரிகிற சத்தம் கேட்கும். வீடு கட்டிய ஐயா காலத்தில் சுவர் உள்ளே வாங்கிய காற்று அது, இப்போதுதான் வெளியே வருகிறது.