அலமாரியில் சேர்ந்த பகைவர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வீடியோ கேம் கன்சோல்களைச் சேகரிக்கும் ஒருவருடைய வீட்டுக்கு முதன்முறையாகப் போகிறவருக்கு ஒரு விஷயம் புரியாது. சிறு வயதில் தான் சேகா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் வெறிபிடித்த ரசிகன் என்று சொல்லிக்கொள்ளும் அந்த மனிதரின் அலமாரியில், சேகாவின் மெகா டிரைவுக்குப் பக்கத்திலேயே அதன் பரம எதிரியான சூப்பர் நின்டெண்டோவும் துடைத்துப் பளபளவென்று வைக்கப்பட்டிருக்கும். பழைய பகை என்னவாயிற்று என்று கேட்டால் சிரிப்பார். ஒரு பிராண்டின் மீதுள்ள விசுவாசம் முற்றினால் அது சேகரிப்பாக மாறுகிறது என்றுதான் நாம் பொதுவாக எண்ணுகிறோம். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இன்று அதற்கு மாறான ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். வீட்டில் ஒரே ஒரு கன்சோலுக்குத்தான் காசு இருந்தது என்ற நிலையில் பிறந்தது இந்த விசுவாசம். அன்று வாங்க முடியாமற்போனதைத் தேடிப் போகும் வயதில் தொடங்குவது சேகரிப்பு. முன்னதை வளர்ப்பதைவிடக் கரைப்பதைத்தான் பின்னது பெரும்பாலும் செய்கிறது.

1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் இரண்டு இயந்திரங்கள் ஒரே நாளில் கடைக்கு வந்தன. ஒன்று நின்டெண்டோவின் ஃபேமிகாம். மற்றொன்று சேகாவின் எஸ்ஜி-1000. 1889இல் கியோட்டோவில் ஹனஃபூடா என்னும் பூச்சீட்டு தயாரிக்கத் தொடங்கிய நின்டெண்டோ, அந்தப் போட்டியில் எளிதாக வென்றது. அமெரிக்காவில் அதே ஆண்டு வீடியோ கேம் சந்தை நொறுங்கி விழுந்தது. விற்காமல் தேங்கிய கேசட்டுகளை அட்டாரி நிறுவனம் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டில் புதைத்தது. அந்த இடிபாட்டின் மீது 1985இல் வந்திறங்கிய நின்டெண்டோ, சில ஆண்டுகளிலேயே சந்தையைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. நகலெடுக்கும் எந்த இயந்திரத்தையும் நாம் ஜெராக்ஸ் என்பதுபோல, அமெரிக்கத் தாய்மார்கள் எந்த வீடியோ கேமையும் நின்டெண்டோ என்றே அழைத்தார்கள். எல்லோரிடமும் இருப்பது ஒரே பொருள் என்றால் அங்கே கட்சி எதற்கு?

கட்சியைக் கொண்டுவந்தது சேகா. மெகா டிரைவ், 1989இல் ஜெனிசிஸ் என்ற பெயரோடு அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது அதன் விளம்பரம் எதிரியின் பெயரைச் சொல்லியே அடித்தது. நின்டெண்டோவால் ஆகாததை ஜெனிசிஸ் செய்யும் என்பது அந்த வாசகத்தின் பொருள். 'நின்டெண்டோ' என்ற பெயரின் கடைசி அசையை 'டோன்ட்' என்று திருப்பி, செய்யாது என்ற பொருள் தொனிக்கச் செய்த சிலேடை அதில் இருந்தது. பொம்மை விற்பனையில் ஊறிய டாம் கலின்ஸ்கி 1990இல் சேகாவின் அமெரிக்கக் கிளைக்குத் தலைமையேற்றார். விலையைக் குறைத்து, 1991இல் வெளிவந்த சோனிக் விளையாட்டை கன்சோலோடு சேர்த்தே கொடுத்தார். நின்டெண்டோவின் மரியோ குழந்தைகளுக்கு, சேகாவின் சோனிக் விவரமானவர்களுக்கு என்று பள்ளிக்கூட மைதானம் இரண்டாகப் பிரிந்தது.

ஒரு பத்து வயதுப் பையனின் கணக்கை இங்கே போட்டுப் பார்க்க வேண்டும். 1991இல் சூப்பர் நின்டெண்டோவின் அமெரிக்க விலை 199 டாலர். ஒரு கேசட் 50 டாலருக்கும் மேல். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று. அதற்குமேல் கேட்டால் அப்பாவின் முகம் மாறும். இரண்டு கன்சோல் வாங்கித் தரும் வீடு அரிது. ஆகவே எதை வாங்குவது என்ற முடிவு ஒருமுறைதான் எடுக்கப்படும். எடுத்தபின் நான்கைந்து ஆண்டுகள் அதோடுதான் வாழ வேண்டும். தவறான பெட்டியை வாங்கிவிட்டோமோ என்ற ஐயம் எழுந்தால் அந்தப் பையனால் தாங்க முடியாது. அந்த ஐயத்தை மனம் எப்படி அடக்குகிறது என்பதற்கு 1957இல் வெளிவந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. புதிதாகக் கார் வாங்கியவர்கள், வாங்கி முடித்த பிறகும் தாங்கள் வாங்கிய அதே காரின் விளம்பரங்களைத்தான் அதிகம் படித்தார்களாம். விளம்பரத்தின் வேலை விற்பனையோடு முடிவதில்லை. வாங்கியவனைத் தேற்றுவதும் அதன் வேலைதான்.

தேற்றுவதற்கு எண்கள் உதவின. ஜெனிசிஸின் மூளையான சில்லு ஏறத்தாழ 7.6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. சூப்பர் நின்டெண்டோவினுடையது 3.58இல். ஆனால் ஜெனிசிஸ் ஒரு நேரத்தில் திரையில் காட்டிய வண்ணங்கள் 64, மற்றதோ 256. இரண்டு சில்லுகளும் வெவ்வேறு வகை என்பதால் அந்த மெகாஹெர்ட்ஸ்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவதில் பெரிய பொருள் கிடையாது. ஆயினும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அந்த எண்களை மனப்பாடமாக ஒப்பித்து அடித்துக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர்.

1993 செப்டம்பரில் மார்ட்டல் காம்பேட் என்ற சண்டை விளையாட்டு இரு கன்சோல்களுக்கும் ஒரே நாளில் வந்தது. நின்டெண்டோ தன் பதிப்பில் இரத்தத்தை நீக்கிச் சாம்பல் நிற வியர்வையாக்கியது. சேகாவின் பதிப்பிலும் முதலில் இரத்தம் தெரியாது. ஆனால் கன்ட்ரோலரில் ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று வரிசையாக அழுத்தினால் சிவப்பு கொட்டும். அந்த ஏழெழுத்தை அறிந்திருப்பதே ஒரு கட்சி அடையாளமாயிற்று. டிசம்பரில் அமெரிக்க செனட் சபையே விசாரணை நடத்தும் அளவுக்கு விவகாரம் வளர்ந்தது. மறு ஆண்டு வயதுத் தரச்சான்று முறை பிறந்தது.

இதைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடித்திருக்கிறது என்ற அற்பக் காரணத்தைச் சொல்லி அவர்களை இரு குழுக்களாகப் பிரித்தார். பிறகு காசாக மாற்றத்தக்க புள்ளிகளைப் பிறருக்குப் பங்கிடச் சொன்னார். தன் குழுவுக்கு மிக அதிகமாகக் கிடைக்கும் வழியைவிட, மற்றக் குழுவைக் காட்டிலும் கூடுதலாகக் கிடைக்கும் வழியையே பலர் நாடினார்கள். அதற்காகத் தங்கள் குழு பெறும் தொகை குறைந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. ஓவியர் பெயருக்கே இந்தப் பாடு என்றால், அப்பாவின் பணத்தில் 199 டாலர் கொடுத்து வாங்கிய கன்சோலுக்கு என்ன பாடு என்று எண்ணிப் பாருங்கள்.

நம் தமிழ்நாட்டில் இதே தொண்ணூறுகளில் வளர்ந்த எங்களுக்கு இந்தச் சண்டை வாய்க்கவே இல்லை. எங்கள் வீட்டில் இருந்ததற்குப் பெயர் 'டிவி கேம்', அவ்வளவுதான். உள்ளே இருந்தது ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் என்பதோ, அந்த கான்ட்ராவும் மரியோவும் எந்தெந்த நிறுவனத்தின் படைப்பு என்பதோ எங்களுக்குத் தெரியாது. '9999 இன் 1' என்று போட்ட கேசட்டைச் செருகினால் ஏழெட்டு ஆட்டங்களே திரும்பத் திரும்ப வேறு வேறு பெயரில் வரும். விசுவாசம் வைக்க எங்களுக்கு ஒரு பெயரே கிடைக்கவில்லை.

மீண்டும் சேகாவுக்கு வருவோம். தன்னை நம்பியவர்களை அது நடத்திய விதத்தைப் பார்த்தால், விசுவாசம் என்ற சொல்லையே மறுபடி எடைபோட வேண்டியிருக்கும். ஜெனிசிஸோடு இணைத்துக்கொள்ள 1992இல் சேகா சிடி என்ற துணைக்கருவியை 299 டாலருக்கு விற்றார்கள். 1994 நவம்பரில் 32எக்ஸ் என்ற இன்னொரு துணைக்கருவியை ஏறக்குறைய 160 டாலருக்கு விற்றார்கள். அதை வாங்கியவனின் கைச்சூடு ஆறுமுன், 1995 மே 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில், சாட்டர்ன் என்னும் முற்றிலும் புதிய கன்சோல் இன்றே கடைகளில் கிடைக்கும், விலை 399 டாலர் என்று அறிவித்தார்கள். முன்கூட்டிச் சரக்குப் பெறாத கடைக்காரர்கள் கொதித்தார்கள். அதே கண்காட்சியில் சோனியின் சார்பில் மேடையேறியவர் '299' என்ற ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கினார். அதுதான் பிளேஸ்டேஷனின் விலை.

அதன் பிறகும் ஒரு கூட்டம் சேகாவோடு நின்றது. 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் வெளிவந்த டிரீம்காஸ்ட் என்ற கன்சோலை முதல் நாளே வாங்கியவர்கள் அவர்கள். 2001 ஜனவரி 31 அன்று அதன் உற்பத்தியை நிறுத்தப்போவதாக சேகா அறிவித்தது. மொத்தம் விற்றவை 91 லட்சத்துச் சொச்சம். நிறுவனத்தின் தலைவர் இசாவோ ஒகாவா தன் சொந்தப் பங்குகளை, ஏறத்தாழ 70 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை, நிறுவனத்துக்கே அளித்துவிட்டு மார்ச் மாதம் காலமானார். அந்த ஆண்டு முடிவதற்குள் சோனிக், நின்டெண்டோவின் கன்சோல்களில் ஓடத் தொடங்கிவிட்டது. பிள்ளைப்பிராயம் முழுவதும் எந்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கல்லெறிந்தார்களோ, அந்த வேலியை அவர்களுடைய தலைவனே தாண்டிக் குதித்துவிட்டான்.

விந்தை என்னவென்றால், இன்று மிக உயிர்ப்போடு இருக்கும் ரசிகர் கூட்டங்களில் ஒன்று டிரீம்காஸ்ட்டினுடையது. அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. இசைத் தட்டுகளுக்காக அதில் வைக்கப்பட்ட மில்-சிடி என்ற வசதியில் இருந்த ஓட்டை வழியாக, வீட்டில் எழுதிய சாதாரணக் குறுந்தகட்டையே கன்சோலை மாற்றாமல் ஓட்டிவிடலாம். திருட்டு நகல்களுக்கு வழிவிட்ட அதே ஓட்டைதான், நிறுவனம் கைவிட்ட பிறகும் தனியாட்கள் புதிய ஆட்டங்களை எழுதி வெளியிட வழிவிட்டது. டிரீம்காஸ்ட்டின் மோடம் தொலைபேசி இணைப்பை எதிர்பார்க்கும். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை கணினி ஒன்றைத் தொலைபேசி நிலையம்போல் நடிக்கவைத்து, ரசிகர்களே நடத்தும் சர்வர்களில் இன்றும் சேர்ந்து விளையாடுகிறார்கள். இதில் ஒரு காசுகூட சேகாவுக்குப் போகவில்லை. பிராண்ட் விசுவாசம் என்றால் அந்த நிறுவனத்தின் அடுத்த பொருளையும் வாங்குவது என்று விற்பனைத்துறையார் இலக்கணம் சொல்வார்கள். அடுத்த பொருளே இல்லாத இடத்தில் எஞ்சி நிற்கும் இதற்கு அந்த இலக்கணத்தில் இடமில்லை.

இப்போது சேகரிப்பவரிடம் போவோம். அவர் முதலில் தேடுவது பெரும்பாலும் தன்னிடம் இருந்து தொலைந்த பொருளை. இரண்டாவதாகத் தேடுவது எதிர்வீட்டுப் பையனிடம் இருந்ததை. இந்த இரண்டாவது கொள்முதலில்தான் கட்சி கலைகிறது. நாற்பது வயதில் முதன்முறையாக எதிரியின் கன்ட்ரோலரைக் கையில் பிடித்து, இது நன்றாகத்தான் இருந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் மனிதரிடம் வெட்கமும் உண்டு, ஒரு விடுதலையும் உண்டு.

விலைகளைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஜெனிசிஸின் கேசட்டுகள் பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக் உறைகளில் வந்தன. பிள்ளைகள் அவற்றைப் புத்தகம்போல் அடுக்கி வைத்தார்கள். சூப்பர் நின்டெண்டோவின் கேசட்டுகள் மெல்லிய அட்டைப்பெட்டியில் வந்தன. கிறிஸ்துமஸ் காலையில் பிரித்த கையோடு அம்மாக்கள் அவற்றைக் குப்பையில் போட்டார்கள். அதனால் பெட்டி, கையேடு, கேசட் மூன்றும் சேர்ந்த 'முழுமையான' சூப்பர் நின்டெண்டோ ஆட்டத்துக்கு, வெறும் கேசட்டைப்போல் பல மடங்கு விலை. முப்பது ஆண்டுகளுக்கு முன் எது குப்பைக்குப் போயிற்று என்பதே இன்றைய சந்தையின் முக்கியமான பொருளாதாரம்.

நிறமும் ஒரு தலைவலி. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காதிருக்கக் கலந்த புரோமின் சேர்மங்கள்தான் காரணம் என்பார்கள், சாம்பல் நிற சூப்பர் நின்டெண்டோ பழுத்த பீடிக்கறை நிறத்துக்கு மாறும். அதிலும் சில நேரம் ஒரு பாதி வெளுத்தும் மறுபாதி மஞ்சளித்தும் இரண்டு கன்சோல்களை வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் நிறம் திரும்பும். சில நேரம் மறுபடி மஞ்சளிக்கும். எனக்கு விற்ற ஒருவர் படத்தில் வெள்ளையாகக் காட்டிய கன்சோல், என்னிடம் வந்த ஆறே மாதத்தில் மாம்பழ நிறமானது.

இந்த உலகத்துக்குள் வேறொரு கூட்டமும் புகுந்திருக்கிறது. 2021 ஜூலையில், பிரிக்கப்படாத ஒரு சூப்பர் மரியோ 64 கேசட் ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போயிற்று. ஒரு கோடிக்கும் மேல் விற்ற ஆட்டம் அது. அரிய பொருளே இல்லை. விலை போனது அதன் மேலிருந்த பிளாஸ்டிக் தாளும், தரம் பார்ப்போர் அதற்கு இட்ட மதிப்பெண்ணும்தான். பிரித்தால் மதிப்பு போய்விடும் என்பதால் அதை எவரும் விளையாட முடியாது. அவர்களைச் சேகரிப்பாளர் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

இன்றைய கன்சோல்களில் விசுவாசத்தின் தன்மையே மாறிவிட்டது. எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற தங்கள் கன்சோலின் காலத்தில் தோற்றதுதான் மிக மோசமான தோல்வி, ஏனெனில் மக்கள் தங்கள் டிஜிட்டல் விளையாட்டு நூலகத்தைக் கட்டிக்கொண்டது அப்போதுதான் என்ற பொருளில், மைக்ரோசாஃப்ட்டின் கேமிங் பிரிவுக்கு அப்போது தலைவராக இருந்த பில் ஸ்பென்சர் 2023இல் வெளிப்படையாகவே பேசினார். கணக்கில் சேர்ந்துவிட்ட ஆட்டங்களை விட்டுவிட்டுப் போக முடியாமல் தங்குவது விசுவாசமா, குத்தகையா? அதே ஆண்டு மார்ச் 27 அன்று நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யு கன்சோல்களின் இணையக் கடைகளை மூடியது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு புதிதாக எந்தக் கடையிலும் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கணக்கிட்டுச் சொன்னதும் அந்த ஆண்டில்தான். கேசட் வைத்திருப்பவர் எந்தக் கடை மூடியதையும் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு வேறொரு கவலை உண்டு.

இதோ என் கையில் இருப்பது சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த செல்டா என்ற சாகச ஆட்டத்தின் கேசட். அமெரிக்காவில் யாரோ விற்று, யார் யார் கையோ மாறி என்னிடம் வந்தது. இதற்குள் நாணயம்போல் ஒரு சிஆர்2032 பேட்டரி இருக்கிறது. விளையாடியவரின் ஆட்டத்தை அழியாமல் காப்பது அதுதான். அதன் ஆயுள் முடிந்தால் எல்லாம் போய்விடும். மாற்றுவதற்காகக் கழற்றினாலும் போய்விடும். முதன்முறை இதைச் செருகியபோது திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்றுக்கு நேரே ஆட்டத்தில் உயிரைக் குறிக்கும் இதயங்கள் பதினேழு, ஆட்டத்தின் கடைசிவரை போன கை. அடுத்ததற்கு மூன்றே மூன்று. ஆட்டம் தொடங்கும்போது எல்லோருக்கும் கொடுப்பது அதுதான். அண்ணனும் தம்பியுமாக இருக்கலாம்.

3.8 மில்லிமீட்டர் தனித் திருப்புளியால் கேசட்டைத் திறந்து, சுற்றில் இரண்டு மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து, வெளியிலிருந்து மூன்று வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். கை நடுங்கியதால் ஒருமுறை பற்றவைப்புக் கோல் வழுக்கியது. மூடிச் செருகி மின்சாரம் கொடுத்தபோது இரண்டு பெயர்களும் அப்படியே இருந்தன. மூன்றாவது இடம் காலியாக இருந்தது. அதில் என் பெயரை எழுதிக்கொண்டு விளையாட உட்கார்ந்தேன்.