பூட்டு இல்லாத அலமாரி

(வாசகர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத் தலைவர் அவர்களே, என்னை அன்போடு அறிமுகம் செய்த செயலாளர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் செறிவாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, நூலகக் குழுவின் மூத்த உறுப்பினர்களே, வேலை முடிந்த கையோடு நேரே இங்கே வந்திருக்கும் வாசகத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் நூலகராகச் சேர்ந்த புதிதில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்க ஆள் இல்லாமல் தவித்த நாட்களில், தானாக வந்து கை கொடுத்த வாசகர் அவர். அவர் தலைமையில் பேசுவது எனக்குப் பெருமை. செயலாளர் அம்மா மூன்று முறை தொலைபேசியில் அழைத்து நினைவுபடுத்தினார். அவருக்கும் நன்றி.

சரி, தலைப்புக்கு வருகிறேன். சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே துன்புறுத்தப்பட்டு வளர்ந்த ஒருவர், அதைத் தன்வரலாறாக எழுதுகிறார். படிக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? மூன்று விஷயங்களைப் பேசலாம் என்று வந்தேன். ஒன்று இரக்கம், இரண்டு சந்தேகம், மூன்று குடும்ப மானம் பற்றிய கவலை.

இரக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "ஐயோ பாவம்" என்கிறோம், கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். நானும் அழுதிருக்கிறேன். என் அம்மா அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். தனக்கு வராத காய்ச்சலின் சூட்டைத் தொட்டுப் பார்க்கவாவது இந்தப் புத்தகங்கள் உதவுகின்றன. அந்த மட்டில் நல்லதுதான்.

என்னை உறுத்துவது இரண்டாவது விஷயம். "இத்தனை வருஷம் கழித்து எப்படி இவ்வளவு ஞாபகம் இருக்கும்?" "அப்போதே ஏன் சொல்லவில்லை?" "பேர் வாங்க எழுதியிருப்பார்." முதல் அத்தியாயத்தைக்கூடத் தாண்டாதவர்கள் இப்படிப் பேசுவதை என் மேசைக்கு எதிரிலேயே கேட்டிருக்கிறேன். தன்வரலாற்றில் தேதி பிசகலாம், உடன்பிறந்தவர்கள் மறுக்கலாம். அதைச் சரிபார்ப்பது தவறில்லை. ஆனால் அடிக்கிற கைதான் சோறும் போடுகிறது என்னும்போது, ஆறு வயதுக் குழந்தை யாரிடம் போய்ச் சொல்லும்?

படித்த மருத்துவர்களே நம்பாத காலம் ஒன்று இருந்தது. எலும்பு முறிந்த கைக்குழந்தையைக் கொண்டுவந்து, "கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது" என்று பெற்றோர் சொன்னால், அநேகமாக அதோடு சரி. 1962இல் ஹென்றி கெம்பே என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். எக்ஸ்ரே படத்தில் ஒரு முறிவு ஆறியிருக்கிறது, இன்னொன்று பாதி ஆறியிருக்கிறது, மற்றொன்று புதிது. ஒரே தடவை விழுந்த குழந்தைக்கு இப்படி வராது. யாரோ திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்கள் என்று வெளிப்படையாக எழுதினார்கள். எலும்பு சாட்சி சொன்ன பிறகுதான் மருத்துவ உலகம் காது கொடுத்தது. வார்த்தையால் சொல்கிறவர்களுக்கு அந்தச் சாட்சியும் கிடையாது.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறவர்கள் அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவை நினைத்துப் பார்க்க வேண்டும். சின்னஞ்சிறு வயதில், தாயோடு வாழ்ந்த ஆளால் அந்தக் குழந்தை சிதைக்கப்பட்டது. அவர் சொன்னார். வழக்கு நடந்தது, குற்றவாளி என்று தீர்ப்பானது, ஆனாலும் அந்த ஆள் சீக்கிரமே வெளியே வந்துவிட்டான், அப்புறம் கொல்லப்பட்டுக் கிடந்தான். தன் குரல்தான் ஒருவனைக் கொன்றுவிட்டது என்று அந்தக் குழந்தை நினைத்தது. ஏறக்குறைய ஐந்து வருடம் அண்ணனைத் தவிர யாரோடும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி புத்தகங்களைக் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லித்தான் அந்தக் குரல் திரும்பி வந்தது. 1969இல் வந்த அவருடைய தன்வரலாற்றை, பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் எடுக்கச் சொல்லி எத்தனையோ புகார்கள். புத்தகத்தால் பேச்சு வந்தவரின் புத்தகத்துக்கே அந்த நிலை.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நூலகத்தில் இப்படி ஒரு தன்வரலாறு இருந்தது. ஒரு பெண் எழுதியது. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை. யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை என்று அர்த்தம். ஆனால் முதுகு மடங்கி வெளுத்திருந்தது, ஓரமெல்லாம் அழுக்கு. உள்ளே செய்தித்தாளின் வெள்ளை ஓரத்தைக் கிழித்து, நான்காக மடித்து வைத்த ஒரு துண்டு. ஒரு நாள் அது நாற்பதாம் பக்கத்தில் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன், ஐம்பத்திரண்டில் இருந்தது. யாரோ இங்கேயே உட்கார்ந்து படிக்கிறார்கள்.

ஒரு சாயங்காலம், மூடும் நேரத்தில் விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தபோதுதான் பார்த்தேன். தினமும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் பெரியவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். விரித்த பேப்பருக்குள் அந்தப் புத்தகம். என்னைப் பார்த்ததும் மூடப்போனார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "சார், இந்தம்மா சொன்னதை அவங்க வீட்டுல யாராவது நம்பினாங்களா? முடிவைப் பார்க்கப் பயமா இருக்கு."

"அவங்க அக்கா நம்பினாங்க" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒருத்தராவது நம்பினாங்களே" என்றார். நான் வேறு எதையும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு புகார் வந்தது. பிள்ளைகள் வந்து போகிற இடத்தில் இப்படிப்பட்ட புத்தகம் எதற்கு என்று. அப்போதைய குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள், பிள்ளைகள்மேல் அக்கறையில்தான் முடிவெடுத்தார்கள். பூட்டிய அலமாரியில் வையுங்கள், வேண்டுமென்றால் கேட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்றார்கள். வைத்தேன்.

அந்தப் பெரியவர் வந்தார். வழக்கமான தட்டில் கை போனது, காலி இடத்தில் நின்றது. என் மேசையைப் பார்த்தார். மேசை முன்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். திரும்பிப் போய்ப் பேப்பரை எடுத்துக்கொண்டார். சாவியோடு எழுந்து நானே அவரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்தத் துண்டுக் காகிதம் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அவர் அந்தப் புத்தகத்தைக் கடைசிவரை கேட்கவே இல்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். வந்தவர்கள் நம் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். விமர்சனம் எழுத மாட்டார்கள், கூட்டத்தில் எழுந்து கருத்துச் சொல்ல மாட்டார்கள். பேப்பருக்குள் வைத்துப் படிப்பதுதான் அவர்களுடைய எதிர்வினை. கேட்டு வாங்கச் சொன்னால், உனக்கு இது எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்வது மாதிரி. அதனால்தான் போகிற இடமெல்லாம் சொல்லிவருகிறேன், இந்தப் புத்தகங்களுக்குப் பூட்டு வேண்டாம். சிறுவர் பகுதியில் வைக்கச் சொல்லவில்லை. பெரியவர்கள் பகுதியில், கை எட்டும் தட்டில், மற்ற தன்வரலாறுகளோடு வையுங்கள். முன் அட்டையின் உள்பக்கம் குழந்தைகள் உதவி எண்ணை ஒட்டுங்கள். உட்கார்ந்து படிக்க ஒரு மூலையில் நாற்காலி போடுங்கள்.

குடும்ப மானம் என்ற மூன்றாவது விஷயத்துக்கு நேரம் போதவில்லை. பேராசிரியர் அதைத் தொட்டுப் பேசியிருக்கிறார், அவருக்கு நன்றி.

பூட்டை எடுக்கச் சொல்லி நூலகக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, செயலாளர் அம்மாவின் மேசையில் வைத்திருக்கிறேன். குழுவின் மூத்த உறுப்பினர்கள் இங்கேயே இருப்பது என் அதிர்ஷ்டம். வெளியே போகும்போது படித்துப் பார்த்து, சரி என்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள். பேனாவும் அங்கேயே இருக்கிறது. வணக்கம்.