கூடை கட்டும் முன் நாள் கணக்கு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பரிசுக் கூடை விற்கும் கடைகளில் புரட்டாசி பிறந்ததும் ஒரு கேள்வி எழும்: தீபாவளிக்கு எத்தனை சதவீதம் தள்ளுபடி அறிவிக்கலாம்? மதுரையில் இந்தத் தொழிலில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. கூடைக்குள் போகும் பொருளைச் செய்கிறவர்களின் வேலை எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிகிறது என்பதைப் பொறுத்தே நமது பண்டிகைக்கால விற்பனை அமையும். அதைத் தெரிந்துகொண்டு பின்னோக்கி நாள் எண்ணுகிற கடைக்கு, விலையைக் குறைக்க வேண்டிய நிலை பெரும்பாலும் வராது.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். திருப்பரங்குன்றம் பக்கத்தில் விளாச்சேரி இருக்கிறது. களிமண் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, மார்கழியில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு இயேசு பாலன், மரியாள், சூசையப்பர், மேய்ப்பர்கள், ஆடுகள் என்று எல்லாம் அதே கைகளிலிருந்து பிறக்கின்றன. மண் காய வேண்டும், சூளையில் வேக வேண்டும், பிறகு வண்ணம் தீட்ட வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காயவைக்க வெயில் இருக்காது. ஆகையால் கிறிஸ்துமஸ் கூடையில் ஒரு சிறு குடில் பொம்மை வைக்க நினைக்கிற கடைக்காரர், கார்த்திகையில் போய்க் கேட்டால் மிச்சம் கிடந்ததைத்தான் வாங்கிவர முடியும். ஆடியிலேயே சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டு வந்தவருக்கு விரும்பிய உயரத்தில், விரும்பிய வண்ணத்தில் கிடைக்கும். செய்கிறவர்களுக்கும் அந்த முன்பணம் வேலை குறைந்த நாட்களில் கைக்கு வருகிறது. இரு பக்கமும் நன்மை தருகிற ஏற்பாடு இது.

பனைப் பொருள்களும் அப்படித்தான். உடன்குடிப் பக்கம் பதநீர் இறங்குவது கோடையை ஒட்டிய மாதங்களில். கருப்பட்டி காய்ச்சுவதும் அப்போதே. தீபாவளிக் கூடையில் நல்ல கருப்பட்டி வைக்க வேண்டுமானால் ஆனி, ஆடியில் வாங்கி, காற்றுப் புகாமல் பத்திரப்படுத்த வேண்டும். மழைக்காலத்து ஈரக்காற்றில் கருப்பட்டி இளகிவிடும். ஓலைப் பெட்டிகளுக்கும் செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் இயந்திரம் கிடையாது. குருத்தோலையைக் கிழித்து, சாயம் ஏற்றி, விரலால் முடைய வேண்டும். ஐந்நூறு கொட்டான் வேண்டும் என்று பத்து நாள் முன்னால் போய்க் கேட்பது அந்தப் பெண்களின் உழைப்பை அறியாத பேச்சு. செட்டிநாட்டில் கல்யாண வீடுகளில் பலகாரமும் வெற்றிலை பாக்கும் கொட்டானில் வைத்துக் கொடுத்தது நீண்ட கால வழக்கம். பரிசுக் கூடைக்கு நம்மிடமே இவ்வளவு அழகான பாத்திரம் இருக்கும்போது, எங்கிருந்தோ வரும் பிளாஸ்டிக் கூடையை ஏன் தேட வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அச்சு வேலையை மறந்துவிடக் கூடாது. ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். அதன் பிறகு மார்கழி வரை அங்குள்ள அச்சகங்கள் காலண்டர், டைரி வேலைகளில் மூழ்கிவிடும். நமது அட்டைப் பெட்டி, வாழ்த்து அட்டை, பெயர்ச்சீட்டு ஆகியவற்றை அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

இப்போது நாட்காட்டிக்கு வருகிறேன். பொங்கலும் கிறிஸ்துமஸும் ஏறக்குறைய நிலையான தேதியில் வருபவை. தீபாவளி நகரும். 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. கடந்த ஆண்டுக் கணக்கு நோட்டைப் பார்த்து அதே தேதியில் விளம்பரம் கொடுக்கிறவர் 2026இல் பத்தொன்பது நாள் தவறுவார். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 2025இல் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடையே 66 நாள் இருந்தது. 2026இல் 47 நாள்தான். அங்கிருந்து மூன்று வாரத்தில் பொங்கல். தீபாவளிக்குப் பெருந்தொகையாக வாங்கும் நிறுவனங்கள் 45 நாள் தவணையில் பணம் கொடுத்தால், அந்தப் பணம் டிசம்பர் 23ஆம் தேதி வந்து சேரும். கிறிஸ்துமஸ் சரக்கையோ நவம்பரிலேயே வாங்கியிருக்க வேண்டும். கடையில் விற்பனை அமோகமாக இருக்கும், கையில் காசு இருக்காது. நல்ல வியாபாரம் நடந்த கடைகளும் தள்ளாடுவது இந்த இடத்தில்தான். நிறுவனங்களிடம் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கத் தயங்க வேண்டாம். ஐந்நூறு கூடை கேட்கிறவர்களுக்கு அது நியாயமான நிபந்தனை என்பது தெரியும்.

ரம்ஜானோ ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே வந்துகொண்டிருக்கும் பண்டிகை. வெயில் காலத்திலிருந்து நகர்ந்து இப்போது மாசி, பங்குனியில் நிற்கிறது. பேரீச்சம்பழம், பாதாம், முந்திரி, அத்தர் வைத்த கூடைகளை நோன்பு தொடங்கும் முன்பே காட்சிக்கு வைத்துவிட வேண்டும். இஃப்தாருக்கு உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் நோன்பு மாதம் முழுவதும் வாங்குவார்கள். பெருநாளுக்கு முந்தைய இரவு மட்டும்தான் வியாபாரம் என்று நினைப்பது சரியல்ல. ஜெல்லி மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் அது முக்கியம். புரட்டாசியில் முட்டை சேர்த்த கேக்கைக் கூடையில் வைத்துவிட்டு, பெற்றுக்கொண்ட வீட்டார் முகம் சுளித்தால் அது கொடுத்தவருக்கு நேர்ந்த சங்கடம். உறையில் இருக்கும் பச்சைப் புள்ளியைப் பார்க்க ஒரு நொடி போதும்.

தள்ளுபடியைப் பற்றிக் கொஞ்சம் கணக்காகப் பேசுவோம். ஆயிரம் ரூபாய்க் கூடையில் எல்லாச் செலவும் போக 250 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். இருபது சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் நிற்பது 50 ரூபாய். பழைய லாபத்தைப் பார்க்க ஐந்து மடங்கு விற்க வேண்டும். விற்றுவிடலாம் என்றே கொள்வோம், கட்டுவது யார்? ஒரு கூடையை அடுக்கி, நிரப்பி, ரிப்பன் கட்டப் பதினைந்து நிமிடம் ஆகும் என்றால், ஒருவர் எட்டு மணி நேரம் நிமிராமல் செய்தாலும் 32 கூடைதான். ஐந்நூறு கூடைக்கு நான்கு பேர் நான்கு நாள் உழைக்க வேண்டும். பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு தள்ளுபடியால் வந்து குவியும் கூட்டத்தை எந்தச் சிறிய கடையாலும் தாங்க முடியாது. நம்மிடம் வேலை செய்கிற பெண்களுக்கும் வீட்டில் தீபாவளி உண்டு. அவர்களை இரவு பன்னிரண்டு மணி வரை நிறுத்தி வைத்து நாம் கொண்டாட்டத்தை விற்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஆகவே சலுகையை முன்கூட்டியே வருகிறவர்களுக்குக் கொடுங்கள், அதையும் பணமாகக் கொடுக்காதீர்கள். ஆவணிக்குள் பதிவு செய்கிறவர்களுக்குக் கூடையில் பெயர் எழுதித் தருகிறோம், ஊருக்குள் இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம், ஓலைப் பெட்டியின் வண்ணத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லுங்கள். ஆவணியில் நம் கையில் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைத்தான் சலுகையாகத் தருகிறோம்.

நிகழ்ச்சிகள் நடத்துவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. நவராத்திரியில் கடையிலேயே கொலு வைக்கலாம். தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை விளாச்சேரிக் கலைஞர் ஒருவரை உரிய ஊதியம் கொடுத்து அழைத்து, பொம்மைக்குக் கண் எழுதுவதைப் பிள்ளைகள் பார்க்கும்படி செய்யலாம். அழைத்துவரும் தாய்மார்கள் அங்கேயே தாம்பூலப் பைக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், கண்ணாடி, சீப்பு, வளையல், ரவிக்கைத் துணி என்று என்னென்ன வைக்க வேண்டும் என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு எந்த விளம்பரத்தாலும் கிடைக்காது.

மதுரையில் சித்திரைத் திருவிழாவை விட்டுவிட முடியுமா? மீனாட்சி திருக்கல்யாணத்தன்று சுமங்கலிகள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். மஞ்சள் கயிறு, மஞ்சள் கிழங்கு, குங்குமம், சிறு வெற்றிலைத் தட்டு வைத்த ஒரு மங்கலப் பை, நூறு ரூபாய்க்குள் இருந்தால் போதும், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வாங்குவார்கள். இதில் லாபம் குறைவு. ஆனால் அந்தப் பையை வாங்கியவர் வீட்டில் வளைகாப்பு வரும்போது சீர்த்தட்டுக்கு நம்மிடம்தான் வருவார். அழகர் ஆற்றில் இறங்கும் நாளையொட்டி நகரத்துக்குள் வண்டி நகராது என்பதால், அந்த நாட்களில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆடி, மார்கழியில் கல்யாணம் இல்லை என்பதால் சீர்த்தட்டு வியாபாரம் படுத்துவிடும். மார்கழியைக் கிறிஸ்துமஸும் ஆங்கிலப் புத்தாண்டும் காப்பாற்றும். ஆடியில் புதுமணத் தம்பதிகளுக்கான ஆடிச் சீர் கொஞ்சம் நடக்கும், அவ்வளவுதான். அந்த மாதத்தை நான் பயணத்துக்கு ஒதுக்குகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர், கோவில்பட்டி, மணப்பாறை, காரைக்குடி என்று போய்ச் செய்கிறவர்களைப் பார்த்துப் பேசி, விலையும் நாளும் முடிவு செய்துகொள்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இலும், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இலும், மணப்பாறை முறுக்குக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கூடையில் இந்த ஊர்ப் பெயர்களை எழுதுகிறோம் என்றால் பொருள் உண்மையிலேயே அந்த ஊரிலிருந்து வந்திருக்க வேண்டும். பால்கோவா சீக்கிரம் கெடும், கடலை மிட்டாய் தாங்கும். பால் இனிப்பைக் கடைசி நாளில்தான் கூடையில் சேர்க்க வேண்டும் என்பதைக் கட்டும் வேலைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். எதைப் பிரித்துக் கட்டினாலும், செய்தவர் ஒட்டிய தேதிச் சீட்டு வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2017ஆம் ஆண்டின் ஜிஎஸ்டி சட்டத்தில் கலப்பு வழங்கல் என்ற பிரிவு இருக்கிறது. தனித்தனியாக விற்கக்கூடிய பொருள்களை ஒன்றாகக் கட்டி ஒரே விலைக்கு விற்றால், உள்ளே இருப்பவற்றில் எதற்கு வரி விகிதம் அதிகமோ அதுவே கூடை முழுவதற்கும் பொருந்தும். சட்டமே தருகிற உதாரணம் இனிப்பு, சாக்லேட், கேக், உலர்பழம், குளிர்பானம், பழச்சாறு அடங்கிய ஒரு பொட்டலம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் இனிப்பு, சாக்லேட், உலர்பழங்களுக்கு 5 சதவீதம், வாயு அடைத்த குளிர்பானத்துக்கு 40 சதவீதம். அழகுக்காக அப்படி ஒரு குளிர்பானப் பாட்டிலைச் செருகினால் கூடை முழுவதும் நாற்பதுக்குப் போய்விடும். கூடையின் பட்டியலை முடிவு செய்யும் முன் உங்கள் கணக்காளரிடம் காட்டுங்கள்.

உறைக்கும் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் இனிப்புப் பெட்டியைச் சுற்றும் பிளாஸ்டிக் உறைக்கும் தடை. துணியால் முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். சுங்குடித் துணி மதுரையில் கிடைக்கிறது. பரிசைப் பிரித்த பிறகும் அந்தத் துணி வீட்டில் பயன்படும். ஐப்பசி மழைக்கு மட்டும், வண்டியில் ஏற்றும்போது மேலே தார்ப்பாய் போட்டு, சேர்ந்ததும் எடுத்துவிடலாம். முறுக்கும் தூத்துக்குடி மக்ரூனும் ஈரம் பட்டால் நமுத்துவிடும், அவற்றை மூடி இறுக்கமான டப்பாவில் வைத்த பிறகே கூடையில் வையுங்கள்.

பண்டிகை முடிந்த மறுவாரம், களைப்பு தீரும் முன்பே ஒரு நோட்டில் எழுத உட்காருங்கள். எந்தக் கூடை முதலில் தீர்ந்தது, எது மிஞ்சியது, யார் எந்தத் தேதியில் வந்து கேட்டார்கள், யாருக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினோம், எந்த முடைகிறவர் சொன்ன நாளில் தந்தார், அவருக்கு நாம் சொன்ன நாளில் பணம் கொடுத்தோமா என்பதையெல்லாம் எழுதுங்கள். மிஞ்சிய கூடைகளைப் பிரித்து, தேதி நெருங்கும் தின்பண்டங்களைப் பாதி விலைக்கு உடனே கொடுத்துவிடுங்கள். தள்ளுபடிக்கு உரிய இடம் அதுதான். வெறும் கொட்டான்களைத் துடைத்து அடுக்கி வையுங்கள், பொங்கலுக்கு மஞ்சளும் வெல்லமும் வைத்துக் கட்ட அவை வேண்டியிருக்கும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.