சீட்டு மேசையில உட்கார்ந்திருக்கிற அந்த அம்மா யாரு?

(திரையில்: கறுப்பு வெள்ளைக் காட்சி, நாலு பேர் சீட்டாடுறாங்க)

1950-ல வந்த ‘சன்செட் புலவார்ட்’ பார்த்திருக்கீங்களா? மவுசு போன ஒரு மௌனப்பட நடிகையோட கதை. இதோ, பிரிட்ஜ் ஆடுறாங்க. மௌனப்படக் காமெடியன் பஸ்டர் கீட்டனை மூஞ்சியைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சிடுவீங்க. அந்த வீட்டோட சொந்தக்காரம்மா, அதாவது கதாநாயகி, குளோரியா ஸ்வான்சன். இன்னொரு அம்மா இருக்காங்களே, அவங்கதான் அன்னா கியூ. நில்சன். ஸ்வீடன்லேர்ந்து வந்த பெரிய நட்சத்திரம் கிரேட்டா கார்போவுக்கு முன்னாடியே ஹாலிவுட்டைக் கலக்கின ஸ்வீடன்காரங்க.

எவ்ளோ முன்னாடி? கார்போ பிறந்ததே 1905-ல. அதே வருஷம் 17 வயசு அன்னா அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியாச்சு!

பழைய கதையைக் கடகடன்னு சொல்லிடுறேன். பிறந்தது 1888, தெற்கு ஸ்வீடன்ல இஸ்டாட். அமெரிக்கா போய்ப் பிள்ளை பார்த்துக்கிற வேலை, அப்புறம் மாடல், 1911-ல சினிமா. முடிஞ்சுது.

அந்த ‘கியூ’ என்னன்னு கேளுங்க. குயிரென்ஷியா! பிறந்த மார்ச் 30 புனித குயிரினுஸ் நாளாம். ஸ்வீடன்ல ‘அன்னா நில்சன்’னு கூப்பிட்டா பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். இனிஷியலோட அருமை நமக்குத் தெரியாதா என்ன?

1915-ல டைரக்டர் ரவுல் வால்ஷோட ‘ரீஜெனரேஷன்’ல நடிச்சாங்க. நியூயார்க் பவரி பக்கம் நிஜத் தெருவுலயே எடுத்த ரவுடிப் படம். 1923-ல ‘பொன்ஜோலா’வுக்காக முடியை ஒட்ட வெட்டி ஆம்பளை வேஷம் போட்டாங்க.

அப்புறம் பேசும் படம் வந்துச்சு, உச்சரிப்பு காலை வாரிடுச்சு, அப்படித்தானே நினைக்கிறீங்க? மௌனப்பட நட்சத்திரம்னாலே இந்தக் கதையை ஒட்டிடுறோம். இவங்களுக்கு முதல் அடி குதிரையால. 1928-ல சவாரி போனப்போ கல்சுவர்ல தூக்கி எறியப்பட்டு இடுப்பெலும்பு உடைஞ்சுது. ஒரு வருஷம் போராடி எழுந்து வந்தா, சினிமாவே பேச ஆரம்பிச்சிடுச்சு, வயசும் 40 தாண்டிடுச்சு. அதுக்கப்புறம் துக்கடா வேஷங்கள்தான்.

இப்ப மேசைக்குத் திரும்புவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. நாலாவது ஆள் எச்.பி. வார்னர். 1927-ல ‘சாரெல் அண்ட் சன்’ படத்துல அவருக்குப் பொண்டாட்டியா நடிச்சது யாரு? நம்ம அன்னா! புருஷனையும் பிள்ளையையும் விட்டுட்டுப் போற வேஷம். 23 வருஷம் கழிச்சு ரெண்டு பேரையும் ஒரே மேசையில உட்கார வச்சிருக்கார் டைரக்டர் பில்லி வைல்டர். பட்லரா வர்ற எரிக் வான் ஸ்ட்ரோஹைம் வேற, நிஜத்துல ஸ்வான்சனை இயக்கினவர். கீட்டனுக்குக் கொடுத்த வசனம்? ‘பாஸ்’, அதாவது சீட்டாட்டத்துல ‘நான் கேட்கல’ன்னு சொல்றது. அவ்ளோதான்! சீட்டாட வந்த இந்த மூணு பழைய நட்சத்திரங்களுக்கும் படத்துல வச்ச பேரு ‘மெழுகு பொம்மைகள்’. குசும்பா, கொடுமையா? என்னைக் கேட்டா கொடுமைதான். ஆனா வந்து உட்கார்ந்தாங்களே, அந்தத் தைரியம்!

1954-ல கடைசிப் படம், டைட்டில்ல பேரு கூட இல்ல. 1974-ல கலிஃபோர்னியாவுல காலமானாங்க.

காட்சியைத் திரும்ப ஓட்டுறேன். இந்தத் தடவை முன்னாள் புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிறாங்களான்னு கவனிச்சு, கமெண்ட்ல சொல்லுங்க.