ஸ்கேனில் கல்லீரல் ‘வெள்ளை’யாம், எவ்வளவு வெள்ளை?

வணக்கம் மக்களே! 2024 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் உரிமத்தோடு இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்று ஆனதும், எனக்கு வருகிற கேள்வியெல்லாம் பூனையைப் பற்றித்தான். இன்றைய கேள்வி: “ஸ்கேனில் கல்லீரல் வெள்ளையாகத் தெரிகிறதாம், பயப்படணுமா?” ஸ்கேன் என்றால் இங்கே அல்ட்ராசவுண்ட், அதாவது ஒலியை உள்ளே அனுப்பிப் படம் எடுப்பது.

இந்தப் படத்தைப் பாருங்கள். கட்டி என்றால் தனியாகத் தெரியும். கொழுப்பு உறுப்பு முழுக்கப் பரவினால் எல்லாமே ஒரே சீராக வெளுத்துவிடும், விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் இருக்காது. அதனால் பக்கத்து உறுப்போடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். நாய்க்கு மண்ணீரல் வழக்கமாகக் கல்லீரலைவிட வெளுப்பாக இருக்கும். பூனைக்கு வலது சிறுநீரகத்தோடு ஒப்பிடலாம் என்றால், நோயே இல்லாத பூனைக்கும் சிறுநீரகத்தில் கொழுப்பு சேர்ந்து அது வெளுத்திருக்கலாம். அப்புறம், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்த கெயின் குமிழ்! கொஞ்சம் திருப்பினால் போதும், நல்ல கல்லீரலும் வெளுத்துவிடும்.

அதனால்தான் எண்ணாக அளக்கப் பார்க்கிறார்கள். கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் ஒரே ஆழத்தில் சின்னக் கட்டம் போட்டு, சாம்பல் நிறச் சராசரிகளின் விகிதத்தை எடுப்பது ஒரு வழி. ஆழம் போகப்போக ஒலி எவ்வளவு தேய்கிறது என்று அளப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. கொழுப்பேறிய கல்லீரலில் ஒலி சீக்கிரம் தேய்ந்துபோகும்; இதோ, படத்தின் அடிப்பகுதி இருண்டு கிடக்கிறது பாருங்கள். ஒலியின் வேகமும் குறையும். இயந்திரம் விநாடிக்கு 1540 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது, கொழுப்பிலோ சுமார் 1450தான். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்க எலாஸ்டோகிராஃபி இருக்கிறது. ஆனால் அசையாமல் மூச்சைப் பிடிக்கணும். பூனையிடம் சொல்லிப் பாருங்களேன்!

எந்த எண்ணும் காரணத்தைச் சொல்லாது. குஷிங் நோய் (உடலில் கார்டிசோல் ஹார்மோன் அளவுக்கு மீறிப்போவது) வந்த நாய்க்கும் வெளுக்கும், ஸ்டீராய்டு சாப்பிடுகிற நாய்க்கும் வெளுக்கும். காரணம் தெரிய ஊசியால் செல் எடுத்துப் பார்க்கணும்; அதற்கு முன் ரத்தம் சரியாக உறைகிறதா என்று பார்த்துவிடுவார்கள். ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடவில்லையா? ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாக இருக்கிறதா? ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். மற்றவர்கள், டாக்டரிடம் இதை மட்டும் கேளுங்கள்: “எதோடு ஒப்பிட்டு வெள்ளை என்கிறீர்கள்? அடுத்த தடவையும் இதே மெஷினில், இதே செட்டிங்கில் எடுப்பீர்களா?”